எக்புகா விட்டுப்போன இடம்: 2025 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர்கள்

(2025 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் எழுதியது. ‘போன சீசன்’ என்பது 2024.)

கேள்வி: “அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒஹாயோ ஸ்டேட் போன சீசனின் தேசிய சாம்பியன். ஆனால் ரிசீவர் எமேகா எக்புகா தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போய்விட்டார், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் புதியவர். ஜெரமையா ஸ்மித் ஒருவர் இருந்தால் போதுமா? இந்த வருடம் எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கிற வைட் ரிசீவர்கள் எப்படி இருப்பார்கள்?”

போதாது. இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆட்டம் போதும். 2025 ஜனவரி 10, காட்டன் பவுல் என்ற பெயரில் நடந்த தேசிய அரையிறுதி. ஸ்மித்தைப் பூட்டிவைக்க வேண்டும் என்ற முடிவோடுதான் டெக்சஸ் அணி வந்தது, பூட்டியும் வைத்தது. ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் ஒரே கேட்ச், 3 யார்டு. ஒன்பது நாள் முன்புதான் ரோஸ் பவுல் காலிறுதியில் ஒரேகனுக்கு எதிராக 7 கேட்ச், 187 யார்டு, 2 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) என்று வெளுத்து வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவரை அடக்கியும் டெக்சஸ் தோற்றது, ஒஹாயோ ஸ்டேட் 28-14. அன்று அந்த அணியில் அதிகப் பந்து பிடித்தவர் கார்னெல் டேட்: 7 கேட்ச், 87 யார்டு.

ஒருவரை மறிக்க எதிரணி இரண்டு பேரைச் செலவழித்தால் மற்ற இடத்தில் ஓர் ஆள் குறையும். அந்தக் குறையைப் பயன்படுத்திக்கொள்ள ஆள் இருந்தார்கள், அதனால் ஜெயித்தார்கள். 2025-க்கான கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. ஸ்மித் எப்படி ஆடுவார் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அவரைச் சுற்றி மறுபடி அந்த ஆட்கள் இருப்பார்களா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. பொதுவாக மூன்று ரிசீவர்கள் நிற்பார்கள். இருவர் மைதானத்தின் இரண்டு ஓரங்களில், மூன்றாமவர் அவர்களில் ஒருவருக்கும் தாக்குதல் வரிசைக்கும் நடுவே. அந்த நடு இடத்துக்குப் பெயர் ஸ்லாட். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது, அந்தப் பக்கம் போக வழியில்லை. ஸ்லாட்டில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் திறந்த வெளி. ஆனால் அங்கே லைன்பேக்கர், பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி என்று எதிரணியின் பெரிய உடம்புக்காரர்கள் அலைகிற நெரிசல். அடியும் அதிகம், யோசிக்க வேண்டியதும் அதிகம்.

போன சீசனில் அந்த நெரிசலில் குடியிருந்தவர் எக்புகா. தலைப்புச் செய்திகளில் வந்த பெயர் ஸ்மித், அதில் தப்பில்லை. ஆனால் அணியில் அதிக கேட்ச் யாருடையது என்று பாருங்கள்: எக்புகா 81, ஸ்மித் 76. எக்புகாவுக்கு 1,011 யார்டு, 10 டச்டவுன். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 205 கேட்ச், பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிகம். கே.ஜே. ஹில் வைத்திருந்த 201 என்ற சாதனையைத் தாண்டிவிட்டுத்தான் போனார். ஏப்ரலில் நடந்த என்.எஃப்.எல். வீரர் தேர்வில் டாம்பா பே அணி அவரை 19-ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது.

எண்களில் வராத வேலையும் உண்டு. போன சீசன் ஆட்டங்களைத் திரும்பப் போட்டு, பந்தைப் பார்க்காமல் 2-ஆம் எண் சட்டையை மட்டும் பார்த்தேன். பந்தை எறியாமல் கையில் கொடுத்து ஓடவைக்கிற ஆட்டமாக இருந்தால் எக்புகா தன்னைவிடக் கனமானவரின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, கால்களைச் சின்னச் சின்னதாக எடுத்துவைத்து, விசில் ஊதும்வரை தள்ளிக்கொண்டே போவார். பந்து தனக்கு வராது என்று தெரிந்த ஆட்டத்திலும் ரூட்டை, அதாவது தனக்கென வகுத்த ஓட்டப் பாதையை, முழு வேகத்தில் ஓடுவார், அதை நம்பி சேஃப்டி இரண்டு அடி அவர் பக்கம் நகர்வார். அந்த இரண்டு அடியில்தான் டேட்டோ ஸ்மித்தோ தனியாகக் கிடைப்பார்கள். பத்து யார்டு முன்னேற அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவது டவுனில் 6 யார்டு வேண்டுமென்றால், எதிரே நிற்பவர் உள்ளே சாய்ந்தால் வெளியே திரும்புவது, வெளியே சாய்ந்தால் உள்ளே திரும்புவது, ஆள் இல்லாத இடமாக இருந்தால் அப்படியே நின்று குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பது. இதை அரை நொடியில் முடிவு செய்யவேண்டும். அதே அரை நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதே முடிவுக்கு வந்திருக்கவேண்டும். இந்த ஒத்திசைவு ஒரு கோடைக்காலத்தில் வந்துவிடாது.

சரி, அந்த இடத்துக்கு யார்? பிராண்டன் இன்னிஸ். தெற்கு ஃப்ளோரிடாக்காரர், பள்ளி வீரர்களுக்கான உச்ச மதிப்பீடான ஐந்து நட்சத்திரத்தோடு 2023-இல் சேர்ந்தவர். கல்லூரி ஆட்டத்தில் அவருடைய முதல் கேட்ச்சே பர்டியூவுக்கு எதிராக 58 யார்டு டச்டவுன். அதற்கப்புறம் வரிசையில் நின்று காத்திருந்தார். போன சீசனில் 16 ஆட்டங்கள் கொண்ட அந்த நீண்ட ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 14 கேட்ச், 176 யார்டு, 1 டச்டவுன். இன்றைய கல்லூரி ஃபுட்பாலில் இப்படி இரண்டு வருடம் காத்திருக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. வேறு கல்லூரிக்கு மாறினால் முதல் நாளே ஆடலாம், பணமும் கிடைக்கும். அவர் போகவில்லை. எனக்கு இன்னிஸ் மேல் நம்பிக்கை வருவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று அவருடைய உடல்வாகு. கட்டுமஸ்தான ஆள், பந்தைப் பிடித்ததும் இடித்துக்கொண்டு முன்னேறுகிறவர். ஸ்லாட்டுக்குப் பொருத்தம்.

ஆனால் எக்புகாவின் 81-ஐ அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். 45 கேட்ச் வந்தால் அதுவே நல்ல சீசன் என்பேன். இதில் மேக்ஸ் கிளேர் விஷயமும் இருக்கிறது. பர்டியூவிலிருந்து வந்திருக்கும் டைட் எண்ட், அதாவது தாக்குதல் வரிசையை ஒட்டி நின்று, மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர். போன வருடம் 1-11 என்று மண்ணைக் கவ்விய அணியில், எல்லோரும் இவரைத்தான் மறிப்பார்கள் என்று தெரிந்தும், 51 கேட்ச், 685 யார்டு, 4 டச்டவுன் எடுத்தவர். எக்புகா விட்டுப்போன நடு மைதானத்தில் பாதியை இன்னிஸும் பாதியை கிளேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரண்டு டைட் எண்ட்களை இறக்கும்போது மூன்றாவது ரிசீவர் வெளியே உட்காரவேண்டி வரும், அதுவும் இன்னிஸின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும். அவருடைய சீசனை அளக்க மொத்த யார்டு உதவாது. மூன்றாவது டவுனில் எத்தனை முறை கோட்டைத் தாண்டினார், டேட்டுக்கும் ஸ்மித்துக்கும் எத்தனை முறை வழிவிட்டுக் கொடுத்தார் என்று எண்ணுங்கள்.

இனி ஸ்மித். முதல் வருடத்திலேயே 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன். ஒஹாயோ ஸ்டேட்டில் முதலாண்டு மாணவர்களுக்கான சாதனைகளை 1984-இலிருந்து கிரிஸ் கார்ட்டர் வைத்திருந்தார். கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றையும் ஸ்மித் ஒரே சீசனில் எடுத்துக்கொண்டார். அந்த அணியில் புதிதாகச் சேருபவர்களின் ஹெல்மெட்டில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டுவார்கள். அணிக்குத் தகுதியானவர் என்று காட்டிய பிறகுதான் அது உரிக்கப்படும். 2024-இல் சேர்ந்தவர்களில் முதலில் பட்டை உரிக்கப்பட்டது ஸ்மித்துக்கு. சேர்ந்த சில மாதங்களில், வசந்தகாலப் பயிற்சியிலேயே.

இறுதிப் போட்டியின் அந்த ஒரு பந்தை இன்னும் மறக்க முடியவில்லை. அட்லாண்டா, ஜனவரி 20. ஒஹாயோ ஸ்டேட் 31-7 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை எதிரணி நோட்ரடாம் 31-23 வரை கொண்டுவந்துவிட்டது. மூன்று நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம். ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மூன்றாவது டவுன், 11 யார்டு வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் பந்தைக் கையில் கொடுத்து ஓடவைத்து நேரத்தைக் கரைப்பார்கள். போன சீசனின் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் பந்தை வானத்தில் ஏற்றினார். ஸ்மித்துக்கு எதிரே ஒரே ஒருவர். அவரைத் தாண்டி ஓடிப்போய், தோளுக்கு மேல் இறங்கிய பந்தை இரண்டு கையிலும் வாங்கினார். 56 யார்டு. அடுத்து, உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல், 34-23, கோப்பை.

அந்த ஒரு பந்தை எல்லா எதிரணிப் பயிற்சியாளர்களும் இந்தக் கோடை முழுக்கப் போட்டுப் பார்த்திருப்பார்கள். இனி ஸ்மித்தைத் தனியாக ஒருவர் கையில் விட்டுவிட்டு யாரும் தூங்கமாட்டார்கள். காட்டன் பவுலில் டெக்சஸ் செய்ததை எல்லோரும் செய்து பார்ப்பார்கள். அதனால் அவருடைய யார்டு கணக்கு குறைந்தால் ‘இரண்டாம் வருடச் சரிவு’ என்று எழுதுவதற்கு ஆட்கள் தயாராக இருப்பார்கள். நீங்கள் அதை நம்பவேண்டாம். அவர் 1,100 யார்டு எடுத்து, டேட் 900 எடுத்தால் அணிக்கு அது போன வருடத்துக்குச் சமம். இன்னொரு வழியும் இருக்கிறது: ஸ்மித்தையே அவ்வப்போது ஸ்லாட்டில் கொண்டுவந்து நிறுத்துவது. அங்கே அவரை இரண்டு பேர் சேர்ந்து அடைப்பது கடினம், ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. இதை இந்த சீசனில் நிறையப் பார்ப்போம் என்று நினைக்கிறேன்.

டேட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இந்த வருடம் நான் அதிகம் எதிர்பார்ப்பது அவரைத்தான். சிகாகோ பையன். 2023-இல் 18 கேட்ச், 264 யார்டு. 2024-இல் 52 கேட்ச், 733 யார்டு, 4 டச்டவுன். ஸ்மித், எக்புகா இருவருக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக நின்று எடுத்த எண்கள் இவை. எங்காவது நடுத்தர அணியில் இருந்திருந்தால் முதல் ஆளாக ஆயிரம் யார்டைத் தாண்டியிருப்பார். அவர் ஓட்டத்தில் பதற்றமே இருக்காது. நேராக ஓடுகிற ரூட்டும், பாதியில் திரும்புகிற ரூட்டும் முதல் பத்து அடிக்கு ஒரே மாதிரி தெரியும். அவரை மறிக்கும் கார்னர்பேக் குழம்பி இடுப்பைத் திருப்பிய நொடியில் இவர் எதிர்ப்பக்கம் போயிருப்பார். கைகள் சுத்தம், பந்தை மார்போடு அணைத்து வாங்குகிற பழக்கம் இல்லை, விரல் நுனியிலேயே பிடிப்பார். 4 டச்டவுன் என்பது அவர் திறமைக்கு ரொம்பக் குறைவு. எதிரணியின் சேஃப்டி ஸ்மித் பக்கம் சாயும்போதெல்லாம் எதிர் ஓரத்தில் டேட் ஒருவரோடு ஒருவராக நிற்பார். இந்த சீசனில் டச்டவுன் எண்ணிக்கை இரட்டிப்பானால் நான் ஆச்சரியப்படமாட்டேன். பள்ளி முடிந்து மூன்று வருடம் ஆனால்தான் என்.எஃப்.எல். வாசல் திறக்கும். டேட்டுக்கு இந்த சீசன் முடிந்ததும் திறக்கிறது, ஸ்மித்துக்கு இன்னும் ஒரு வருடம் அதிகம். ஆகவே ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் டேட்டைப் பார்ப்பது அநேகமாக இதுதான் கடைசி சீசன்.

இந்த மூவருக்குக் கீழே வந்தால்தான் எனக்குக் கவலை. போன சீசனில் ஸ்மித், எக்புகா, டேட் மூவரும் பிடித்தது மொத்தம் 209. ஹோவர்ட் சரியாகச் சேர்த்த பந்துகளே 309தான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூன்று பேர் கையில். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மற்றவர்களுக்குப் பழக்கமே ஏற்படவில்லை என்பது இதன் மறுபக்கம். பிரைசன் ராட்ஜர்ஸுக்கு அணியோடு அனுபவம் உண்டு, களத்தில் பந்து வந்தது குறைவு. மைலன் கிரஹாம் இரண்டாம் வருடம். குவின்சி போர்ட்டர் நியூஜெர்சியிலிருந்தும் ஃபிலிப் பெல் கலிஃபோர்னியாவிலிருந்தும் இந்த வருடம் வந்த புதியவர்கள். உயரமும் நீண்ட கையும் உள்ள போர்ட்டர் நாளைக்குப் பெரிய ஆளாக வரலாம். ஆனால் அக்டோபரில் ஸ்மித்துக்கோ டேட்டுக்கோ தொடைத் தசை பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தால், அந்த இடத்தில் நிற்கப்போகிறவர் பெரிய ஆட்டத்தில் பந்தைத் தொட்டதே இல்லாதவராக இருப்பார். கிராம்ப்ளிங் ஸ்டேட், ஒஹாயோ பல்கலைக்கழகம் போன்ற அணிகளோடு செப்டம்பரில் வரும் ஆட்டங்களில் இரண்டாம் பாதி முழுவதையும் இந்தப் பையன்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் ஆசை. ஸ்மித்தின் எண்ணிக்கையை அங்கே ஏற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பந்தை எறிகிறவர் யார் என்பதை விட்டுவிட்டு ரிசீவர்களைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. ஆகஸ்ட் 18 அன்று தலைமைப் பயிற்சியாளர் ரையன் டே, ஜூலியன் சேயினைக் குவார்ட்டர்பேக்காக அறிவித்துவிட்டார், லிங்கன் கீன்ஹோல்ஸ் இரண்டாம் இடம். சேயின் கலிஃபோர்னியாக்காரர். முதலில் அலபாமாவில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் ஓய்வு பெற்றதும் சில நாட்களிலேயே கொலம்பஸுக்கு மாறினார். போன சீசனில் மொத்தம் 12 பந்துதான் எறிந்தார். பந்து கையை விட்டுப் போகிற வேகமும் துல்லியமும்தான் அவருடைய பலம். ஹோவர்ட் மாதிரி ஆறடி நாலு அங்குலம் கிடையாது, மேலே வந்து விழுகிற ஆட்களை உதறிவிட்டு ஓடுகிற உடம்பும் இல்லை. இதனால் ரிசீவர்களுக்கு வேலை மாறும். ஹோவர்ட் அங்குமிங்கும் நகர்ந்து நேரம் வாங்கிக் கொடுப்பார், ரிசீவர் ரூட் முடிந்த பிறகும் வேறு இடம் தேடிப் போகலாம். சேயின் தன் மூன்றாவது காலடி பதிந்ததும் எறிந்துவிடுவார். அந்த நொடியில் ரிசீவர் திரும்பியிருக்கவேண்டும், ஓரடி தள்ளி நின்றாலும் பந்து எதிரணி கைக்குப் போகும். டேட், இன்னிஸ் மாதிரி ரூட்டைத் துல்லியமாக ஓடுகிறவர்களுக்கு இது சாதகம் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் மூன்று நான்கு வாரம் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவர்களை வளர்க்கிறவர் பிரையன் ஹார்ட்லைன். 2018-இலிருந்து ரிசீவர்களுக்குப் பயிற்சியாளர். அவரும் இதே கல்லூரிக்கு ஆடியவர், பிறகு மயாமி டால்ஃபின்ஸில் 2012, 2013 இரண்டு வருடமும் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். அவர் கையில் வளர்ந்து முதல் சுற்றிலேயே என்.எஃப்.எல். போனவர்களைப் பாருங்கள்: 2022-இல் காரெட் வில்சன் 10-ஆவது, கிரிஸ் ஒலாவே 11-ஆவது. 2023-இல் ஜாக்சன் ஸ்மித்-ஞிக்பா 20-ஆவது. 2024-இல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் 4-ஆவது. 2025-இல் எக்புகா. நான்கு வருடத்தில் ஐந்து பேர். ஒவ்வொரு முறையும் ‘இனி யார்?’ என்று கேட்டோம். ஒலாவேயும் வில்சனும் ஆடாத 2022 ரோஸ் பவுலில் யூட்டாவுக்கு எதிராக ஸ்மித்-ஞிக்பா 15 கேட்ச், 347 யார்டு எடுத்தார். அதே ஆட்டத்தில் ஹாரிசன் 3 டச்டவுன் பிடித்தபோதுதான் அவர் பெயரே பலருக்குத் தெரிந்தது. ஆகவே இன்னிஸின் 14 கேட்ச்சை வைத்து அவரைக் குறைத்து எடைபோட நான் தயாராக இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் உறுத்துகிறது. தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்த சிப் கெல்லி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்குப் போய்விட்டதால் 2025 சீசனில் ஹார்ட்லைன்தான் முழுத் தாக்குதலுக்கும் ஒருங்கிணைப்பாளர். தாக்குதல் வரிசை, ஓட்டம், குவார்ட்டர்பேக் எல்லாம் அவர் தலையில். முன்பு பயிற்சியில் ஒரு பையன் காலை எங்கே ஊன்றினான் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இனி அதற்கு நேரம் பாதிதான் கிடைக்கும். ஸ்மித்துக்கும் டேட்டுக்கும் இது பாதிக்காது. போர்ட்டர், பெல் போன்றவர்களுக்குப் பாதிக்கலாம்.

அட்டவணையில் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 30 டெக்சஸ், சொந்த மைதானத்தில். சீசனுக்கு முந்தைய ஏ.பி. செய்தி நிறுவனத் தரவரிசையில் டெக்சஸ் 1, ஒஹாயோ ஸ்டேட் 3. காட்டன் பவுலில் டெக்சஸின் சிறந்த கார்னர்பேக்காக இருந்த ஜாடே பேரன் இப்போது என்.எஃப்.எல்.லில் டென்வர் அணியில், ஆனால் திட்டம் தீட்டியவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். செப்டம்பர் 27 வாஷிங்டன், சேயினுக்கு முதல் வெளியூர் ஆட்டம். அங்கே கூட்டத்தின் சத்தத்தில் பேச்சு கேட்காது, கையசைவில்தான் ரூட்டை மாற்றவேண்டும். நவம்பர் 29 மிச்சிகன், ஆன் ஆர்பரில். 2019-க்குப் பிறகு 2024 வரை அவர்களை ஜெயிக்கவே இல்லை. போன வருடம் 13-10 என்று சொந்த ஊரிலேயே தோற்றார்கள், இவ்வளவு நல்ல ரிசீவர்களை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நடுவில் முட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நான்காவது நவம்பர் 1, பென் ஸ்டேட். இதைத்தான் நான் தனியாகப் பார்க்கிறேன். 2025 சீசனில் அவர்களுடைய தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸ். 2022 முதல் 2024 வரை ஒஹாயோ ஸ்டேட்டின் தற்காப்பை நடத்தியவர். தினமும் பயிற்சியில் டேட், இன்னிஸ், ஸ்மித் இவர்களுக்கு எதிராகத் தன் ஆட்களை நிறுத்தியவர். டேட் திரும்புவதற்கு முன் எந்தத் தோள் இறங்கும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் கணிப்பைக் கேட்டால்: ஸ்மித் 1,100 முதல் 1,200 யார்டு, டேட் 900-ஐ ஒட்டி, இன்னிஸ் 45 கேட்ச், கிளேர் 40-க்கு மேல். ரிசீவர்கள் மூவரும் நலமாக இருந்தால் நாட்டிலேயே சிறந்த ரிசீவர் கூட்டம் இதுதான். ஒருவர் விழுந்தால் முதல் ஐந்துக்குள் ஒன்று, அவ்வளவுதான்.

டெக்சஸ் ஆட்டம் அங்கே பகல் 12 மணிக்கு, இந்திய நேரம் சனிக்கிழமை இரவு 9.30. பார்க்க உட்கார்ந்தால் முதல் மூன்றாவது டவுன் வரும்போது ஸ்மித்தை விட்டுவிட்டு ஸ்லாட்டைப் பாருங்கள். இன்னிஸ் எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார், இன்னிஸ் எந்தப் பக்கம் திரும்புகிறார், சேயினின் பந்து அதே பக்கம் வருகிறதா என்று.